கோப்பை வெளியூர் போகாமல் காத்தவர்

காவிரித் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்று சொல்ல 1990 ஜூனில் நடுவர் மன்றம் அமைத்தார்கள். இறுதித் தீர்ப்பு வந்தது 2007 பிப்ரவரியில். அது மத்திய அரசிதழில் ஏறியது 2013-இல். போதாதென்று 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கையும் திருத்தி, தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் கழித்தது. சாட்சி, ஆவணம், பாசனப் பரப்பு, நிலத்தடி நீர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் நாளாகத்தானே செய்யும்? எங்கள் ஊர் அம்பயர் அந்தத் தப்பைச் செய்வதில்லை. அவர் எதையும் பார்ப்பதே இல்லை. பந்து போடுபவன் ஓடிவரத் தொடங்கும்போதே தீர்ப்பு அவரிடம் தயாராக இருக்கிறது. பந்து வந்துசேர்வதுதான் தாமதம்.

திருவிடைமருதூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சம்பா அறுத்து, அதற்குப் பிந்திய உளுந்தையும் பயறையும் பிடுங்கிக் களம் சேர்த்தால் பங்குனி முடிந்துவிடும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்கால்வரை வந்துசேரும்வரை வயல் சும்மாதான் கிடக்கும். பள்ளிக்கூடமும் லீவு. நாலைந்து வயல்களின் வரப்பைக் கொத்திச் சமன் செய்து, நடுவில் மட்டும் தண்ணீர் தெளித்து உருட்டினால் கிரவுண்டு ரெடி. களிமண் வெடிப்பில் விழுந்த பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஷேன் வார்னாலும் சொல்லியிருக்க முடியாது. அந்தக் கிரவுண்டில்தான் கோடைக்குக் கோடை டென்னிஸ் பந்து டோர்னமென்ட். ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் ஏறும். முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை வழங்குபவர், மதிய உணவு வழங்குபவர், பந்து வழங்குபவர் என்று படங்கள் மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே வர, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: நடுவர் தீர்ப்பே இறுதியானது. அந்த இறுதியானவருக்கு மட்டும் படம் கிடையாது. தன்னடக்கம் என்று ஊரில் சிலர் நினைக்கிறார்கள். முகம் நாலு ஊருக்குத் தெரியாமல் இருப்பதில் வேறு சௌகரியங்களும் உண்டு.

சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் பேட்டிங் பிடிக்கிற டீமே ஓர் ஆளை அம்பயராக நிறுத்தும். இப்போதுதான் அவுட்டாகி வந்தவனைக் கொண்டுபோய் நிறுத்தி, அடுத்தவனுக்கு அவுட் கொடு என்றால் அவனுக்கு மனசு வருமா? அந்தக் கருணையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். டோர்னமென்ட்டுக்கு அது சரிப்படாது, நடுநிலை வேண்டும் என்று கமிட்டியே அம்பயர் போடுகிறது. கமிட்டி என்பது ஊர் டீம். அம்பயர் என்பவர் ஊர் டீம் கேப்டனுக்குத் தாய்மாமன், முதலில் இறங்குபவனுக்குப் பங்காளி முறை, வேகப்பந்து போடுபவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருப்பவர். உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வாரியத்துக்கு ஆள் எடுக்க விதி எழுதி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவன் உறவுக்காரர்கள் பெயரையும் எழுதக் கூடாது என்று முறை சொல்லிச் சொல்லி வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். சொந்தக்காரன் என்பதே தகுதிக் குறைவாகிவிட்ட கொடுமை. ஆயிரத்து நூறு வருஷமாக யாரும் திருத்தாத அந்த அநியாயத்தை எங்கள் கமிட்டி ஒரே கூட்டத்தில் டீ ஆறுவதற்குள் திருத்திவிட்டது.

ஊர் டீம் ஆடும்போது அவர் ஊருக்காக நிற்பார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவருடைய மேதைமை தெரிவது வெளியூரும் வெளியூரும் மோதும்போதுதான். அங்கே அவருக்கு மாமனும் இல்லை, மருமகனும் இல்லை. ஆனாலும் காலையில் கமிட்டி மேஜையில் ஒட்டியிருக்கும் அட்டவணையை ஒருமுறை கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொள்வார். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவன் அரையிறுதியில் யாரோடு மோதுவான் என்பது அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு டீமில் எது லேசான டீமோ அதன்மேல் அவருக்கு இனம்புரியாத பாசம் வந்துவிடும். எளியவர்க்கு இரங்குதல் என்று நூல்கள் சொல்வதை வயலில் இறங்கிச் செய்து காட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.

ஓவருக்கு ஆறு பந்து என்பது அவருக்கும் தெரியும். அதற்காகவே சட்டையின் இடது பையில் ஆறு புளியங்கொட்டை வைத்திருக்கிறார். ஒரு பந்து முடிந்ததும் ஒரு கொட்டையை வலது பைக்கு மாற்றுவார். ஆறும் மாறினால் ஓவர் முடிந்தது. எந்திரம் தோற்கும் ஏற்பாடு. ஆனால் வெளியூர்க்காரன் பேட்டிங் செய்யும்போது எப்படியோ இரண்டு கொட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே மாறிவிடும். ஐந்தாவது பந்தில் ஓவர் முடியும். ஊர் டீம் பேட்டிங் என்றால் ஒரு கொட்டை பையின் தையலில் போய் மாட்டிக்கொண்டு வரவே வராது; ஏழாவது பந்தும் போடவேண்டியிருக்கும். ஒருமுறை எதிர் டீம் கேப்டன் பையைக் காட்டச் சொன்னான். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஆறு கொட்டை சரியாக இருந்தது. அந்த ஆறும் எங்கள் ஊர்ப் புளியமரத்துக் கொட்டை; அதற்கும் ஊர்ப்பற்று இருக்காதா?

டோர்னமென்ட் அம்பயர் என்றால் தீர்ப்பு மட்டும் சொன்னால் போதாது. ஆடுகிறவர்களுடைய செல்போன், வாட்ச், மோதிரம், பைக் சாவி எல்லாம் அவர் பொறுப்பு. கழுத்தில் ஒரு செயின், இடது கையில் மூன்று வாட்ச், மடித்துக் கட்டிய கைலியின் மடியில் நாலு போன் என்று திருவிழா உற்சவர்போல நிற்பார். போன வருஷம் அரையிறுதியில், கடைசி இரண்டு பந்தில் மூன்று ரன் வேண்டும் என்று வெளியூர் டீம் நின்றது. பந்தை மிட் விக்கெட் பக்கம் தட்டிவிட்டு இரண்டுக்கு ஓடினார்கள். அதே நேரம் மடியில் ஒரு போன் அடித்தது. எடுத்து, யாருடையது என்று பார்த்து, "ஆடிக்கிட்டிருக்கான், அப்புறம் கூப்பிடும்மா" என்று பொறுப்பாகச் சொல்லிவிட்டு அவர் திரும்புவதற்கும் கீப்பர் ஸ்டம்பைத் தட்டிவிட்டு அப்பீல் கேட்பதற்கும் சரியாக இருந்தது. விரல் மேலே போய்விட்டது.

"அண்ணே, நான் உள்ள வந்து எவ்வளவு நேரமாச்சு!" என்றான் பையன். கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே நின்றுகொண்டுதான் கேட்டான்.

"நீ உள்ளதான் வந்தே தம்பி, யாரு இல்லேன்னா? பேட்டு வெளியில இருந்துச்சு."

"பேட்டு என் கையிலதானேண்ணே இருக்கு?"

"கையும் வெளியிலதான் இருந்துச்சு."

"நீங்க அந்தாண்ட திரும்பி போன் பேசிக்கிட்டிருந்தீங்களேண்ணே!"

"கண்ணு அங்க இருந்தா என்ன, காது இங்கதானே இருந்துச்சு? சத்தம் கேட்டுச்சுல்ல."

இதற்குப் பதில் சொல்ல உலகத்தில் எந்த பேட்ஸ்மேனாலும் முடியாது. பையன் போய்விட்டான். போகும்போது தன் போனையும் அவரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டான். அடித்தது அவன் போன்தான்.

சட்ட ஞானத்திலும் குறை சொல்ல முடியாது. மற்ற அம்பயர்கள் அச்சடித்த விதியைப் படித்துவிட்டு வந்து நிற்பார்கள். இவர் தேவைப்படும்போது தேவையான விதியைத் தாமே செய்துகொள்வார். பம்புசெட் கொட்டகைக் கூரையில் பட்டால் நாலா, ஆறா? வாய்க்காலில் விழுந்தால் இரண்டா, நாலா? தென்னை மட்டையில் தட்டி இறங்கிய பந்தைப் பிடித்தால் கேட்ச்சா, இல்லையா? இதையெல்லாம் காலையிலேயே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்று, பந்து போய் விழுந்து, யார் அடித்தது என்று தெரிந்த பிறகுதான் அறிவிப்பார். டென்னிஸ் பந்து ஆட்டத்தில் எல்.பி.டபிள்யூ. கிடையாது என்று மைக்கில் மூன்று தடவை சொல்லியிருந்தும், ஒரு சாயங்காலம் நன்றாக ஆடிக்கொண்டிருந்த வெளியூர்ப் பையனை எல்.பி. கொடுத்து அனுப்பினார். காலையில் சொன்னது காலை ஆட்டத்துக்கு. யாரும் அப்பீல் கேட்காமல் அவுட் கொடுக்கக் கூடாது என்பது கிரிக்கெட் சட்டம். எங்கள் பௌலர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்பதால் சில சமயம் அவர்களுக்காக இவரே அப்பீலும் கேட்டு, இவரே கையும் தூக்கியிருக்கிறார்.

இவ்வளவு திறமையையும் இங்கேயே வைத்துக்கொண்டு, வெளியே எப்படிப்பட்டவர்களை எல்லாம் அம்பயர் என்று கொண்டாடினார்கள் என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவுக்கு 348 இலக்கு. 347 எடுத்தாகிவிட்டது, ஒரே ஒரு ரன், ஒரே ஒரு விக்கெட். ரவி சாஸ்திரி 48 ரன்னோடு மறுமுனையில் நிற்கிறார். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து மணிந்தர் சிங் காலில் படுகிறது. பந்து போட்ட கிரெக் மேத்யூஸ் கத்துகிறார். அம்பயர் விக்ரம்ராஜு நம் நாட்டுக்காரர், சுற்றி இருந்த கூட்டம் நம் கூட்டம், வீட்டுக்குப் போகிற வழியும் நம் தெருதான். அந்த மனிதர் கையைத் தூக்கிவிட்டார்! டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. மட்டையில் பட்டது என்று மணிந்தர் பிறகும் சொல்லிவந்தார். அது பட்டதோ படவில்லையோ, சொந்த நாட்டில் நின்றுகொண்டு தன் கண்ணுக்குப் பட்டதைச் சொல்லிவிடுவது என்ன வகைப் பிழைப்பு? அதற்குப் பிறகு விக்ரம்ராஜு எந்த டெஸ்ட்டிலும் நிற்கவில்லை. எங்கள் ஆளுக்கு இது இருபத்தெட்டாவது கோடை.

அதே 1986 நவம்பரில் இன்னும் மோசம். பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீஸும் லாகூரில் ஆடியபோது இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் அழைத்து அம்பயர்களாக நிறுத்தினார்கள். தன் ஊர் ஆட்டத்துக்கு அடுத்த ஊர்க்காரனைக் கொண்டுவருவதாம்! வீட்டு விசேஷத்துக்குப் பந்திப் பொறுப்பை யாராவது அந்நியனிடம் விடுவார்களா? அந்தக் கெட்ட பழக்கம் அப்படியே பரவி, 2002 முதல் டெஸ்ட்டில் இரண்டு அம்பயர்களும் மூன்றாவது நாட்டுக்காரர்கள் என்றாகிவிட்டது. நம் வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடியவர், 73 டெஸ்ட்டில் அம்பயராக நின்றவர். அத்தனையிலும் எந்த நாட்டுக்காரன் கேட்டாலும் ஒரே முகம், சிரிப்புமில்லை, கோபமுமில்லை. எங்கள் அம்பயர் முகத்தைப் பார்த்தாலே ஸ்கோர் தெரிந்துவிடும். எது வெளிப்படைத்தன்மை என்று வாசகர்களே சொல்லட்டும்.

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். 1949-இல் சின்ன லீக் மட்டுமே 59 நடந்தது. அதில் அம்பயர்கள் எந்த ஊரையும் சேர்ந்தவர்கள் இல்லை. லீக் நியமித்தவர்கள், இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். தாய்மாமன் உறவு என்பதே இல்லாத அந்த அநாதை வாழ்க்கையில் வேறு என்ன செய்வார்கள், கண்ணில் கண்டதைச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தச் சின்ன லீக் ஒன்றில் அம்பயராக நிற்க பெர்னிஸ் கேரா என்ற பெண்மணி வருஷக்கணக்கில் வழக்காடி ஜெயித்து, 1972 ஜூன் 24-இல் களத்தில் இறங்கினார். ஒரு தீர்ப்பில் முதலில் அவுட் இல்லை என்றார். உடனே தவறு என்று உணர்ந்து அவுட் என்று மாற்றினார். அதைக் கேட்டு ஒரு மானேஜர் பாய்ந்தார். அந்த ஆட்டம் முடிந்ததும் அம்மையார் வேலையை விட்டுவிட்டார். தவறு செய்தேன் என்று களத்தில் நின்று சொன்னால் இதுதான் கதி. இருபத்தெட்டு கோடையில் எங்கள் அம்பயர் ஒரு தீர்ப்பைக்கூட மாற்றியதில்லை.

மெல்போர்னில் 1995 டிசம்பர் 26 அன்று முத்தையா முரளிதரன் பந்தை அம்பயர் டாரல் ஹேர் ஏழு முறை நோ பால் என்று சொன்னபோது எங்கள் ஊரே கொதித்தது. டீக்கடையில் அதிகம் கொதித்தவர் எங்கள் அம்பயர்தான். பிறவியிலேயே வளைந்த கை என்று டாக்டர்கள் சொன்ன விளக்கத்தை அவர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் டீமில் மாங்காய் அடிப்பதுபோலப் பந்தை எறிகிறவர்களுக்கெல்லாம் பிறவியிலேயே வளைந்த கை. எதிர் டீமில் எறிகிறவனுக்கு மட்டும் அது பழக்கதோஷம்.

திருவாரூர் எங்களுக்குத் தூரமில்லை. பசுவின் கன்றுமேல் தேரை ஏற்றிய மகனை அதே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டுத்தான் வளர்கிறோம். கதை முடியும்போது ஒவ்வொரு முறையும் வயிறு பதறும். அன்று அந்தத் தெருவில் எங்கள் அம்பயர் நின்றிருந்தால், கன்று கோட்டைத் தாண்டி வந்தது என்று கையை நீட்டி நோ பால் சொல்லி, இளவரசனைக் காப்பாற்றி, மணி அடித்த பசுவுக்கு ஒரு பந்து அபராதமும் போட்டிருப்பார். சோழ வம்சம் அரை நாள் கண்ணீரை மிச்சம் பிடித்திருக்கும்.

தீர்ப்புச் சொல்வதைவிடக் கடினம், சொன்ன பிறகு வீடு போய்ச் சேர்வது. அதற்கு அவருக்கு வழிகாட்டி திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில். வரகுண பாண்டியனைப் பிரம்மஹத்தி தோஷம் பிடித்து விரட்ட, அவன் கிழக்கு வாசல் வழியாகக் கோயிலுக்குள் நுழைந்தான். தோஷம் உள்ளே வர முடியாமல் வாசலிலேயே காத்திருந்தது. அவன் மேற்கு வாசல் வழியாகப் போய்விட்டான். இன்றும் விவரம் தெரிந்தவர்கள் போன வாசலில் திரும்புவதில்லை. எங்கள் அம்பயர் காலையில் எல்லாரும் பார்க்க ரோட்டு வழியாகக் கிரவுண்டுக்கு வருவார். ஆனால் அவர் பைக் அதற்கு முன்பே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், களத்து மேட்டில் நிற்கும். இறுதியாட்டம் முடிந்து தோற்ற டீம் ரோட்டில் டீக்கடையோரம் காத்துக்கொண்டிருக்கும்போது, அவர் வரப்பு வழியாக வீடு போய்ச் சேர்ந்து குளித்துக்கொண்டிருப்பார். பாண்டியன் ஒரே ஒரு தரம் செய்ததை இவர் வருஷாவருஷம் செய்கிறார்.

இவ்வளவுக்கும் அவருக்கு என்ன கிடைக்கிறது? ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கொடுத்த ஒரு வெள்ளைத் தொப்பி, பரிசளிப்பில் ஒரு துண்டு, ஒரு பிரியாணிப் பொட்டலம். முதல் பரிசுப் பணம் ஊர் டீமுக்குப் போகிறது. ஊர் டீம்தான் கமிட்டி என்பதால் அதிலிருந்து மைக்செட் பாக்கியும் ஷாமியானா வாடகையும் தீர்கிறது. பதினாறு டீம் கட்டிய நுழைவுக் கட்டணத்துக்குக் கணக்கு யாரும் கேட்பதில்லை. கேட்டால் உத்திரமேரூரில்தான் கேட்க வேண்டும். பரிசு வழங்குகிற பெரிய மனிதருக்கும் இதில் மனநிறைவு உண்டு. மேடையில் கொடுத்த பணம் ஊரை விட்டுப் போகவில்லை, மாலையில் கை குலுக்கிய பையன்கள் அத்தனை பேரும் அவர் வார்டு ஓட்டு. ஊர் டீம் முதல் சுற்றிலேயே தோற்றால் மத்தியானத்துக்குள் கூட்டம் கலைந்து, பெரிய மனிதர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பேசவேண்டியிருக்கும். அதனால் கையைத் தூக்குவது அம்பயர், தூக்கச் சொல்வது ஃப்ளெக்ஸில் படம் உள்ளவர்கள். திட்டு மட்டும் முழுவதும் அவருக்கே. அதில் யாரும் பங்கு கேட்டதில்லை. ஒரு துண்டுக்கும் ஒரு பொட்டலத்துக்கும் இவ்வளவு பழியைச் சுமக்க டெல்டாவில் வேறு ஆள் கிடைப்பது அரிது. கமிட்டிக்குச் சிக்கனம் தெரியும்.

இப்போதெல்லாம் வெளியூர் டீம்கள் வருவது குறைந்துவிட்டது. வந்து வந்து தோற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஊரிலேயே டோர்னமென்ட் போட ஆரம்பித்துவிட்டார்கள். கல்வி பரப்புவது என்றால் இதுதான்: எங்கள் அம்பயரிடம் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு கேப்டனும் இன்று தன் ஊரில் ஓர் அம்பயர். இந்த வைகாசியில் அப்படிப்பட்ட ஓர் ஊருக்கு எங்கள் டீம் ஆடப் போயிருந்தது. அம்பயரும் துணைக்குப் போனார், பார்வையாளராக. எங்கள் டீம் முதல் ஆட்டத்திலேயே ஆறு ரன்னில் தோற்று, சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் டீக்கடைக்குத் திரும்பிவிட்டது. பையன்கள் பேசாமல் வடை தின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஒருவரால்தான் பொறுக்க முடியவில்லை.

"அஞ்சு பந்துல ஓவர முடிக்கிறானுவடா! எண்ணத் தெரியாதவனையெல்லாம் அம்பயருன்னு நிறுத்தி வச்சிருக்கானுவ. கேட்டா, பையில இருந்து கூழாங்கல்ல எடுத்துக் காட்டுறான். ஒரு நியாயம் வேணாம்?"